முயலும் கோழியும்: கொலஸ்ட்ரால் கட்டுக்குள் வந்த வரலாறு

மலர்க் குழுவினர் "ஏதாவது ஒரு வரலாற்றுக் கட்டுரை கொடுங்களேன்" என்று கேட்டபோது, கல்லூரியின் பழைய கட்டடத்தைப் பற்றியோ ஹாஸ்டல் மெஸ்ஸைப் பற்றியோ எழுதுவேன் என்று நினைத்திருக்கலாம். அதற்கு என்னைவிடத் தகுதியான சீனியர்கள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது நம் ரத்தக்குழாய்க்குள் ஓடும் வரலாறு. முகம் சுளிக்க வேண்டாம். நம் சந்திப்புகளில் முன்பெல்லாம் "இன்னொரு வடை" என்று நீண்ட கைகள் இப்போது இலையை மறைக்கின்றன. அன்று செமஸ்டர் மார்க் விசாரித்த அதே குரலில் "உனக்கு எல்.டி.எல். எவ்வளவுடா?" என்று விசாரிக்கிறோம். ஒரே வித்தியாசம், இந்தப் பரீட்சையில் குறைவாக வாங்கியவன்தான் கெட்டிக்காரன்.

நான் டாக்டர் இல்லை. பம்பு, வால்வு, குழாய் என்று பிழைப்பு நடத்தும் பொறியாளன். ஆகவே இதில் வைத்தியம் எதிர்பார்க்காதீர்கள். அது உங்கள் டாக்டரின் வேலை. ஆனால் மாரடைப்பு வந்தவர்களுக்கு இன்று ஏன் நடைப்பயிற்சியும் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், அந்த மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது என்கிறார்கள் என்பதற்கு ஒரு சுவையான கதை இருக்கிறது. நமக்கு அது கதை மட்டுமல்ல. உலகின் 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வின் கணக்கைப் பாருங்கள். முதல் மாரடைப்பு வந்த தெற்காசியர்களில் பாதிப் பேருக்கு அது 53 வயதுக்குள்ளேயே வந்திருந்தது. மற்ற நாட்டவருக்கு அந்தக் கோடு 59-ஐ ஒட்டி இருந்தது. நாம் வரிசையில் முன்னால் நிற்கிறோம்.

மாரடைப்பு வந்தாலும் மனிதன் பிழைக்க முடியும் என்று மருத்துவ உலகுக்குத் தெளிவாகச் சொன்னவர் சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக். ஆண்டு 1912. பிழைத்தவரை என்ன செய்வது? படுக்க வை, அசையாதே. இதுதான் அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு வைத்தியம். இறந்தவர்களின் இதயங்களை ஆராய்ந்து 1939-ல் வந்த ஒரு கட்டுரை, காயம் ஆற ஆறு வாரமாவது பிடிக்கிறது என்றது. அதனால் ஆறு வாரம், எட்டு வாரம் படுக்கை. சாப்பாடுகூட ஊட்டித்தான் விடுவார்கள். அசையாமல் கிடந்த காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்து இறந்தவர்கள் உண்டு. இதயத்தைக் காப்பாற்றப் படுக்க வைத்து ஆளைப் பறிகொடுத்திருக்கிறார்கள்.

1952-ல் பாஸ்டனைச் சேர்ந்த சாமுவேல் லெவைனும் அவருடைய சீடர் பெர்னார்ட் லௌனும் 81 நோயாளிகளைச் சீக்கிரமே படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வெறும் நாற்காலிதான்! 'சாய்வு நாற்காலி சிகிச்சை' என்றே அதற்குப் பெயர். அன்றைக்கு அது பெரிய துணிச்சல்.

மூன்று ஆண்டு கழித்து அமெரிக்க ஜனாதிபதிக்கே மாரடைப்பு. 1955 செப்டம்பர் 24, டென்வர் நகரம், ஐசன்ஹோவர். அடுத்த திங்கட்கிழமை நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. சிகிச்சைக்கு வரவழைக்கப்பட்ட பால் டட்லி ஒயிட், பத்திரிகையாளர்களைக் கூட்டி, மாரடைப்பு என்றால் என்ன என்று பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி விளக்கினார். 'மாரடைப்பு வந்தால் வீட்டில் முடங்க வேண்டியதுதான்' என்ற நினைப்பு அன்றிலிருந்து ஆட்டம் காணத் தொடங்கியது. ஏழு வாரத்தில் ஜனாதிபதி மருத்துவமனையை விட்டு வந்தார். மறு ஆண்டு தேர்தலில் நின்று ஜெயித்தார். ஒயிட், தானும் சைக்கிள் ஓட்டி, நோயாளிகளையும் நடக்கச் சொன்ன மனிதர். அதே காலத்தில் கிளீவ்லாந்தில் ஹெர்மன் ஹெல்லர்ஸ்டைன் என்ற இதய மருத்துவர், ஒவ்வொரு தொழிலுக்கும் உடம்பு எவ்வளவு சக்தி செலவழிக்கிறது என்று அளந்து, 'இவர் இந்த வேலைக்குத் திரும்பலாம்' என்று சான்று கொடுத்துக்கொண்டிருந்தார். மோட்டாருக்கு லோடு ரேட்டிங் பார்க்கிற மாதிரிதான். எனக்குப் பிடித்த டாக்டர் இவர். 1964-ல் உலக சுகாதார நிறுவனமே இதய நோயாளிகளின் மறுவாழ்வு பற்றி நிபுணர் குழு அறிக்கை வெளியிட்டது.

ஆக, நடை வந்துவிட்டது. கொலஸ்ட்ரால்? ஐசன்ஹோவருக்கு அதையும் அளந்தார்கள். மனிதர் கொழுப்பைக் குறைத்து, பத்தியம் இருந்து, எடையைக் கட்டுக்குள் வைத்தும் அந்த எண் ஏறியது. அதில் அவருக்கு எரிச்சலும் கவலையும். அன்று கையிலிருந்த ஆயுதம் சாப்பாட்டுத் தட்டு ஒன்றுதான். உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்து வருவதில்லை, உடம்பே தயாரிப்பது. அந்தத் தொழிற்சாலையின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

கொலஸ்ட்ராலின் கதை இதற்கெல்லாம் முன்பே வேறொரு ஊரில் ஆரம்பித்திருந்தது. 1913, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். நிகோலாய் அனிச்கோவ் என்ற இளைஞர், தம் மாணவர் ஒருவரோடு சேர்ந்து, சுத்தமான கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார். மகாதமனியில் கொழுப்புப் படிந்தது. வெறும் சூரியகாந்தி எண்ணெய் குடித்த முயல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எவ்வளவு சுத்தமான சோதனை! ஆனால் மற்றவர்கள் இதையே எலியிடமும் நாயிடமும் செய்து பார்த்தபோது பலிக்கவில்லை. 'முயல் இலை தழை தின்கிற பிராணி, அதற்குக் கொழுப்பு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்' என்று பல காலம் ஒதுக்கிவைத்தார்கள். எலியும் நாயும் கூடுதல் கொலஸ்ட்ராலைப் பித்தநீராக மாற்றித் தள்ளிவிடும் என்பது பிறகுதான் புரிந்தது. இந்த எலி இன்னொரு முறையும் குறுக்கே வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1949-50-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜான் காஃப்மன் ரத்தத்தை அதிவேக மையவிலக்கு எந்திரத்தில் சுழற்றி, கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் துகள்களை அடர்த்தி வாரியாகப் பிரித்தார். அணுகுண்டுத் திட்டத்தில் புளூட்டோனியத்தோடு மல்லாடிவிட்டு இந்தப் பக்கம் வந்தவர் அவர். எல்.டி.எல்., எச்.டி.எல். என்ற எழுத்துகளில் 'டி' என்பது அந்த அடர்த்திதான். நம் லேப் ரிப்போர்ட்டில் இருப்பது அடிப்படையில் ஒரு மெக்கானிக்கல் அளவு என்று நம் டிபார்ட்மென்ட்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான லேப்களில் எல்.டி.எல்-ஐ நேராக அளப்பதுகூட இல்லை. 1972-ல் ஃப்ரீடுவால்ட் குழுவினர் கொடுத்த சூத்திரம்: மொத்தத்திலிருந்து எச்.டி.எல்-ஐயும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழி. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு உதவாது. சர்க்கரை நோயுள்ள நண்பர்கள் கவனிக்க.

அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் என்ற சிற்றூரில் 1948-ல் தொடங்கி 5,209 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு, ரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் கூடியவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று 1961-ல் சொன்னது. சரி, குறைத்தால் பிழைப்பார்களா? அது வேறு கேள்வி. அதற்குப் பதில் கிடைக்க இன்னும் 33 ஆண்டு ஆயிற்று.

நடுவில் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1966 முதல் 1975 வரை, மாரடைப்பு வந்து பிழைத்த 8,341 ஆண்களுக்கு அன்றைய கொழுப்புக் குறைப்பு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பெண் ஹார்மோனும் தைராய்டு சம்பந்தப்பட்ட ஒரு மருந்தும் கெடுதல் செய்தன. பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. குளோஃபிப்ரேட் என்ற மருந்து உயிரைக் காப்பாற்றவில்லை. ஆனால் அந்த மருந்தை ஒழுங்காக விழுங்கியவர்களில் ஐந்து ஆண்டில் இறந்தவர் 15 சதவீதம், ஏனோதானோவென்று விழுங்கியவர்களில் 25 சதவீதம். அடேயப்பா என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். சும்மா மாவு மாத்திரை கொடுக்கப்பட்டவர்களிலும் ஒழுங்காக விழுங்கியவர் 15 சதவீதம், விழுங்காதவர் 28 சதவீதம்! மாவு மாத்திரையில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக்கொள்கிற மனிதர் மற்ற விஷயத்திலும் நேரத்துக்கு இருப்பார் போலிருக்கிறது. 1980-ல் வெளியான இந்தக் கணக்கை, மருந்து ஆராய்ச்சியில் வந்த மிக நேர்மையான அட்டவணைகளில் ஒன்று என்பேன்.

இனி ஜப்பானுக்குப் போவோம். அகிதா மாநிலத்து விவசாயக் குடும்பத்துப் பையன் அகிரா எண்டோ. பூஞ்சையிலிருந்து பென்சிலின் எடுத்த ஃப்ளெமிங்கின் கதையில் மயங்கியவர். டோக்கியோவில் ஒரு மருந்துக் கம்பெனியில் சேர்ந்து, 1971-ல் ஒரு தேடலை ஆரம்பித்தார். கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாரிப்பின் நடுவில் ஒரு நொதி இருக்கிறது. அதை முடக்கும் பொருளை ஏதாவது ஒரு பூஞ்சை சுரக்காதா? ரெண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 6,000 வகை நுண்ணுயிர்களைச் சலித்தார்கள். கடைசியில் கியோட்டோவின் ஒரு தானியக் கடை அரிசியில் இருந்த நீலப்பச்சைப் பூஞ்சையில் அகப்பட்டது, 1973-ல். அதுதான் முதல் ஸ்டாட்டின். நம் வீட்டில் பூஞ்சை பிடித்த அரிசியைத் தூக்கி எறிவோம். அவர் அதில் புதையல் எடுத்தார்.

எலிக்குக் கொடுத்தார்கள். கொலஸ்ட்ரால் இறங்கவே இல்லை. மறுபடியும் எலி! திட்டத்துக்கு மூடுவிழா நடக்க இருந்தது. எலியின் ரத்தத்தில் எல்.டி.எல். ஏற்கெனவே குறைவு, அதில் இறங்க என்ன இருக்கிறது என்று எண்டோவுக்குச் சந்தேகம். அதே கம்பெனியில் வேறு ஆராய்ச்சிக்காக முட்டையிடும் கோழிகளை வளர்த்துக்கொண்டிருந்த ஒரு சகாவைப் பிடித்தார். முட்டையில் அவ்வளவு கொலஸ்ட்ரால் இருந்தால் கோழியின் ரத்தத்திலும் இருக்கத்தானே வேண்டும்? கொடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ பாதியாக இறங்கியது. 1913-ல் எலியை நம்பாமல் முயலை நம்பியிருக்க வேண்டும். 1976-ல் எலியை விட்டுக் கோழியைக் கேட்க வேண்டியிருந்தது. டெஸ்ட் பெஞ்ச் தப்பாக இருந்தால் நல்ல டிசைனும் ஃபெயில்தான் என்று நம் லேபிலேயே படித்தோம் அல்லவா?

பிறகும் 1980-ல் நாய்களுக்குப் பெரிய அளவில் நெடுநாள் கொடுத்தபோது ஏற்பட்ட சந்தேகத்தால் அந்தக் கம்பெனி மருந்தைக் கைவிட்டது. வேறொரு பூஞ்சையிலிருந்து அமெரிக்காவில் எடுத்த தம்பி மருந்து லோவாஸ்டாட்டின் 1987-ல் அனுமதி பெற்றுச் சந்தைக்கு வந்தது. எண்டோவுக்குப் பல விருதுகள் வந்தன, நோபல் வரவில்லை. 2024 ஜூனில் தம் 90-வது வயதில் காலமானார்.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பதை டல்லஸ் நகரின் மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் ஜோடி கண்டுபிடித்து 1985-ல் நோபல் வாங்கியது. கிணறு இருக்கும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கிணற்றில் தண்ணீர் இருக்கும்வரை தெருக்குழாயில் ஒரு குடம் வைத்தால் போதும். கிணறு வற்றினால்? பத்துக் குடம் வரிசையில் நிற்கும், தெருக்குழாய்த் தண்ணீர் குறையும். கல்லீரல்தான் அந்த வீடு. ஸ்டாட்டின் கிணற்றை அடைக்கிறது. உடனே கல்லீரல் தன் மேற்பரப்பில் குடங்களை, அதாவது எல்.டி.எல்-ஐப் பிடித்து இழுக்கும் ஏற்பிகளை, அதிகமாக வைக்கிறது. ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். உள்ளே போகிறது. மாத்திரையை நிறுத்தினால் கிணறு ஊறும்; குடங்கள் உள்ளே போய்விடும்; சில வாரங்களில் தெருக்குழாய் பழையபடி ஓடும். சாட்சாத் ஃபீட்பேக் கண்ட்ரோல்.

குறைத்தால் பிழைப்பார்களா என்ற கேள்விக்கு 1994 நவம்பரில் பதில் வந்தது. ஸ்காண்டிநேவிய நாடுகளில், ஏற்கெனவே மாரடைப்போ இதய நெஞ்சுவலியோ வந்த 4,444 பேர். பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாட்டின், பாதிப் பேருக்கு மாவு மாத்திரை. ஐந்து ஆண்டு சொச்சம் கழித்து எண்ணினால் மாவு மாத்திரை அணியில் 256 சாவு, மருந்து அணியில் 182. சாவு முப்பது சதவீதம் குறைந்தது. 'ஃபோர் எஸ்' என்று டாக்டர்கள் சொல்லும் ஆய்வு இதுதான். அதோடு வாதம் முடிந்தது. 1996-ல் வந்த இன்னொரு ஆய்வு, மாரடைப்பு வந்தவருக்குக் கொலஸ்ட்ரால் சாதாரண அளவில் இருந்தாலும் குறைத்தால் நல்லது என்றது. 2004-ல், ஆஸ்பத்திரியில் சேர்ந்த பத்து நாளுக்குள் வீரியமாக ஆரம்பித்தால் இன்னும் நல்லது என்று தெரிந்தது.

அதே 1994-ல் பிரான்சின் லியோன் நகரிலிருந்து ஒரு ஆய்வு வந்ததைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாரடைப்பு வந்த 605 பேரில் ஒரு பகுதியினருக்குக் காய்கறி, பழம், பருப்பு வகை, மீன், நல்ல எண்ணெய் என்று மத்தியதரைக் கடல் பக்கத்துச் சாப்பாடு. இரு அணியிலும் கொலஸ்ட்ரால் எண் ஏறக்குறைய ஒன்றுதான்; ஆனால் அந்தச் சாப்பாட்டு அணியில் மறு மாரடைப்பு வெகுவாகக் குறைந்தது. நடையும் அப்படியே. நடந்தால் எல்.டி.எல். பெரிதாக இறங்காது. டிரைகிளிசரைடு இறங்கும், எச்.டி.எல். கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். ஆனாலும் உடற்பயிற்சியோடு கூடிய மறுவாழ்வு சிகிச்சை சாவை ஐந்தில் ஒரு பங்காவது குறைக்கிறது என்று 1988, 1989-ல் பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்துச் சொன்னார்கள். ஆக, "மாத்திரை போடுகிறேன், நடை எதற்கு?" என்பவரும் "தினம் அஞ்சு கிலோமீட்டர் நடக்கிறேன், மாத்திரை எதற்கு?" என்பவரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். ரெண்டும் வேறு வேறு பைப்லைன்.

எங்கள் பேட்ச் நண்பன் ஒருவன், பெயர் வேண்டாம். 37 வயதில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டான். மூன்று மாதம் ஆஸ்பத்திரியின் பயிற்சி வகுப்புக்கு ஒழுங்காகப் போனான். எல்.டி.எல். 148-லிருந்து 52-க்கு வந்தது. மாரடைப்பு வந்தவர்களுக்கு 55-க்குக் கீழே என்பது 2019-ல் ஐரோப்பிய இதய சங்கமும், 2024-ல் நம் இந்திய இதய சங்கமும் வைத்த இலக்கு. பையன் டிஸ்டிங்ஷனில் பாஸ்! அடுத்து என்னிடம் போனில் சொன்னது: "மச்சான், நார்மல் ஆயிடுச்சுடா. மாத்திரையை நிறுத்திட்டேன். லிவரைக் கெடுக்கும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு."

கிணற்றுக் கதையைச் சொன்னேன். "அந்த 52 உன்னோட நம்பர் இல்லடா, மாத்திரையோட நம்பர்" என்றேன். சண்டை போட்டான். நாலு மாதம் கழித்து, மனைவியின் வற்புறுத்தலில் எடுத்த டெஸ்டில் 139. டாக்டரிடம் போய்த் தலை குனிந்து நின்றான். இப்போது போடுகிறான், முணுமுணுத்துக்கொண்டே.

பக்கவிளைவே கிடையாது என்று நான் சொல்லவில்லை. தசையைச் சிதைத்த ஒரு ஸ்டாட்டினை 2001-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். மிச்சமுள்ளவற்றிலும் தசைவலி சிலருக்கு வருவது நிஜம். ஆனால் லண்டனில் 2020-ல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு யோசிக்க வைக்கிறது. பக்கவிளைவால் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்கு மாற்றி மாற்றி ஒரு மாதம் மருந்து, ஒரு மாதம் மாவு, ஒரு மாதம் ஒன்றுமில்லை. அவர்கள் சொன்ன உபத்திரவத்தில் தொண்ணூறு சதவீதம் மாவு மாத்திரையிலும் வந்தது! வலி பொய்யில்லை, காரணம்தான் வேறு. வலி வந்தால் டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றுவார், மருந்தை மாற்றுவார். தானாக நிறுத்துவதுதான் வம்பு.

இன்னொரு பொறி: மாரடைப்பு வந்த முதல் நாளைத் தாண்டி ரத்தம் எடுத்தால் எல்.டி.எல். தற்காலிகமாகக் குறைந்து காட்டும். உடம்பு அடிபட்டிருக்கும் நேரத்துக் கணக்கு அது. அதைப் பார்த்து "எனக்குக் கொழுப்பே இல்லை" என்று நிம்மதி அடைந்தவர்கள் உண்டு. சில வாரம் கழித்து எடுக்கும் டெஸ்டைத்தான் கணக்கில் வைக்க வேண்டும்.

நம் நாட்டுக் கணக்கு வேறு சோகம். 2011-ல் வந்த 'ப்யூர்' ஆய்வில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களில் ஸ்டாட்டின் எடுத்துக்கொண்டிருந்தவர் பணக்கார நாடுகளில் மூன்றில் இரண்டு பேர். இந்தியா இருந்த ஏழை நாடுகள் வரிசையில் நூற்றுக்கு மூன்று பேர். காப்புரிமை முடிந்து இங்கேயே தயாராகி, தெருமுனை மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கிற மாத்திரை இது. மறுவாழ்வு வகுப்புகளும் பெரிய ஊர்களின் பெரிய ஆஸ்பத்திரிகளோடு நின்றுவிடுகின்றன. இதற்கு நம் ஊர் வழி தேடி, 24 இந்திய மருத்துவமனைகளில் 3,959 மாரடைப்பு நோயாளிகளிடம் யோகாவை அடிப்படையாகக் கொண்ட மறுவாழ்வு சிகிச்சையைச் சோதித்து 2020-ல் முடிவு வெளியிட்டார்கள். சாவும் மறு மாரடைப்பும் குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனால் பழைய வேலைகளுக்குத் திரும்புவதும், தங்கள் உடல்நிலை பற்றி நோயாளிகளே சொன்னதும் மேம்பட்டிருந்தன. டிரெட்மில் வாங்க வசதியில்லாத தாலுகா ஆஸ்பத்திரிக்கு இது சின்ன விஷயமில்லை. நம் கல்லூரி மாணவர்களில் யாருக்காவது புராஜெக்டுக்குத் தலைப்பு வேண்டுமென்றால், வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போன நோயாளியை மாத்திரையோடு கட்டிவைக்க ஒரு எளிய சாதனம் செய்து பாருங்கள் தம்பிகளே, தங்கைகளே. மார்க்கெட் காலியாகத்தான் இருக்கிறது.

ஆராய்ச்சியாளர்களும் அந்த மறதியைத்தான் இப்போது குறிவைக்கிறார்கள். குடங்களை உடைத்துப்போடும் ஒரு புரதம் இருப்பது 2003-ல் பாரிஸ் குழு ஒன்றின் ஆய்வால் தெரியவந்தது. அதைத் தடுக்கும் ஊசிகள் 2015-ல் வந்தன. இரண்டு வாரத்துக்கு ஒன்று. 2021 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த இன்கிளிசிரான், முதல் ரெண்டு ஊசிகளுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று போதும். தினம் ராத்திரி மாத்திரை டப்பாவைத் தேட வேண்டாம். இந்தியாவுக்கும் வந்துவிட்டது. விலையைக் கேட்ட என் நண்பன், மறுபேச்சில்லாமல் தன் பழைய மாத்திரையைப் போட்டுக்கொண்டான்.